சின்ன ர, பெரிய ற

ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது. அவள் தன் கணவனுக்குத் தர வேண்டிய கடன் இதுதானாம். அவன் அவள் கையை ஒடித்தான். ஒடிந்த கைக்குக் கட்டுப் போட்ட மருத்துவமனையில் அவனே பணம் கட்டினான். கட்டிய பணத்தை இப்போது திருப்பிக் கேட்கிறான். அடித்தவன் கணக்குப் புத்தகத்தில் அடி வாங்கியவள் கடன்காரி.

"அடுத்த தடவ கழுத்த ஒடிச்சா வட்டியும் சேத்துக் கேப்பானா?" என்று கேட்டேன்.

"மூட்டை, வாயை மூடு," என்றார் மேடம்.

மூட்டை என்பது நான். முப்பது வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கினேன். முதுகு 'போதும்டா' என்று சொன்ன பிறகு இந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தேன். அலுவலகம் என்றால் பூட்டு சாவிக் கடைக்கு மேல் ஒரே அறை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. மேடத்தை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ஊசி என்பார்கள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். ஊசியையும் மூட்டையையும் ஒரே அறையில் வைத்தால் என்ன நடக்கும்? காலையிலிருந்து மாலை வரை தைத்துக்கொண்டே இருப்பார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. மேசையில் ஒரு தபால் உறையை வைத்துவிட்டு, அதைத் தொட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து வந்துச்சு மேடம். உள்ள வழக்கம்போல ஒரே வரி. 'எனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடு.' மொதல்ல உறை வரும். ஒரு வாரத்துக்குள்ள அவரே வருவாரு."

"இது எத்தனாவது வீடு?"

"மூணாவது. மொத வீட்டுல கதவ ஒடைச்சு உள்ள வந்தாரு. ரெண்டாவது வீட்டுல படிக்கட்டுலேர்ந்து தள்ளிவிட்டாரு. மண்டையில எட்டுத் தையல். ஒவ்வொரு தடவையும் வீடு மாத்துறேன், வேலை மாத்துறேன், ஃபோன் நம்பர் மாத்துறேன். ஒரு மாசம் நிம்மதியாத் தூங்குவேன். அப்புறம் உறை வந்துரும்."

"போலீஸ்?"

"போனேன். அவரு எனக்கு முன்னாடியே போய் ஆஸ்பத்திரிப் பணத்தைக் கேக்கப் போனேன்னு சொல்லிட்டாரு. கொடுக்கல் வாங்கல்ல நாங்க தலையிட முடியாதுன்னுட்டாங்க. கோர்ட்டுக்கும் போனேன். கை ஒடிஞ்ச அன்னைக்கு நான் ஊருலயே இல்ல, வெளியூர்ல ஒரு மில் சுவத்துல எழுத்து எழுதிக்கிட்டிருந்தேன்னு அங்க சத்தியம் பண்ணினாரு. நம்பிட்டாங்க. பக்கத்துல வரக் கூடாதுன்னு மட்டும் வீட்டுக்கு வீடு ஒரு உத்தரவு போட்டாங்க."

மேடம் பேனாவை எடுத்தார். "ஸ்டேஷன்ல பணம் கட்டினேன்னு சொல்றான். கோர்ட்டுல ஊருலயே இல்லன்னு சொல்றான்."

"ஆமா. ரெண்டு ஆபீசும் ஒரே தெருவுலதான் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதில்ல."

"சம்பந்திச் சண்டையா இருக்கும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "என் புது வீடு யாருக்கும் தெரியாது மேடம். எங்க அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மூணு வீடும் தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான். அவகூடப் பேசறத நிறுத்திட்டேன். அவளும் இல்லன்னா எனக்கு இந்த உலகத்துல ஆள் கிடையாது. அவதான்னாலும் சொல்லிடுங்க, இல்லன்னாலும் சொல்லிடுங்க. நாலாவது வீட்டுக்கு முன்பணம் வச்சிருக்கேன். அங்க போறப்ப அவகிட்ட சொல்லலாமா வேணாமான்னு எனக்குத் தெரியணும்."

"உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆளு?"

"கடை போர்டு எழுதுறவரு. எழுத்து முத்து முத்தா இருக்கும். தப்பு வந்தா பொறுக்க மாட்டாரு. ஒரு தடவ சாவிய வச்சுட்டுச் சீட்டு எழுதி வச்சுட்டுப் போனேன். 'சாவி மேசையில் இருக்கு'ன்னு எழுதணும். நான் பெரிய ற போட்டு 'இறுக்கு'ன்னு எழுதிட்டேன். வந்தவுடனே இறுக்குன்னா என்ன அர்த்தம்னு தெரியுமான்னு கேட்டாரு." அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "அர்த்தத்தைக் காட்டினாரு."

எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

அன்று அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. கீழே பூட்டுக் கடைக்காரரிடம் மூன்று பூட்டு வாங்கி, எங்கள் அலுவலகத்திலேயே அவளைத் தங்கவைத்தோம்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். நாங்கள் தேடிப் போனபோது வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைத் தரையில் ஊன்றினாள். நாங்கள் இரண்டடி பின்னால் போனோம்.

"நானா? நான் காட்டிக் குடுத்தேன்னா சொன்னா? அவ மண்டையில தையல் போட்டப்ப எட்டு நாள் வேலைக்குப் போகாம பக்கத்துல உக்காந்திருந்தேன். எட்டுத் தையலுக்கு எட்டு நாள். அதுக்குக் கூலி இந்தப் பேரா? நல்லாத்தான் கணக்குப் பாக்குறா."

"கோவப்படாதீங்க. அவங்க விலாசத்தை இந்தக் காகிதத்துல எழுதுங்க," என்றார் மேடம்.

அக்கா பேனாவைத் துடைப்பம் மாதிரியே பிடித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு எழுத்து வராதும்மா. சம்பளமே கைநாட்டுத்தான். பாதி வட்டமா வளையுற தெரு, ஒன்பதாம் நம்பர், பின்பக்க மாடின்னு சொன்னா. வளைஞ்சு வளைஞ்சு போய்ச் சேந்தேன்."

வெளியே வந்ததும் மேடம் உதட்டைப் பிதுக்கினார். "எழுதத் தெரியாதுங்கறது சாட்சி இல்ல மூட்டை. காட்டிக் குடுக்க வாய் போதும்."

பேருந்துக்குக் காத்திருந்தபோது உறையை எடுத்துப் படித்தேன். நான் எதையும் பார்த்தவுடன் படிக்கிறவன் இல்லை. நாற்பத்தொரு வயதில் இரவுப் பள்ளியில் எழுத்தைக் கற்றவன். மற்றவர்கள் சொல்லைப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி இறக்குவேன். 'எண் 9' இறக்கினேன். அடுத்த சொல்லில் இரண்டாவது மூட்டையிலேயே இடறியது.

"மேடம், இவன் அறைவட்டத் தெருன்னு எழுதியிருக்கான்."

"அதுதானே தெரு?"

"சொல்றப்ப ஒண்ணுதான். தெரு அரை வட்டமா வளையுது. பாதிக்குச் சின்ன ர. இவன் பெரிய ற போட்டிருக்கான். எங்க வாத்தியார் சொல்லுவாரு: பாதியா இருந்தா சின்ன ர, கன்னத்துல விழுந்தா பெரிய ற."

"தப்பா எழுதியிருக்கான். அதனால என்ன?"

"தப்பு நான் எழுதலாம், அந்தப் பொண்ணு எழுதலாம். இவன் எழுதுவானா? ஒரு ற-வுக்காகக் கழுத்தை இறுக்கினவன் மேடம். அக்கா வாயால சொல்லியிருந்தா இவனே சரியா எழுதியிருப்பான். தப்பாவே எழுதியிருக்கான்னா, எங்கேயோ தப்பாப் பாத்திருக்கான். அதுவும் தன்னைவிடப் பெரிய எடத்துல பாத்திருக்கான். தெருவுக்குப் பேரே அப்படித்தான் போலன்னு நம்பியிருக்கான்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் குத்தாமல் பேசினார். "அப்ப விலாசம் போனது வாய் வழியா இல்ல. காகிதம் வழியா. முத்திரை குத்தின காகிதம்."

முத்திரை குத்துகிற இடம் இரண்டு. முதலில் காவல் நிலையம் போனோம்.

ஆய்வாளர் எங்களை உட்காரச் சொன்னார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் வீட்டுப் படம். பச்சை வர்ணக் கதவு, அதன் முன்னால் மனைவி, மாமியார்.

"அந்தக் காலர் தைக்கிற பொண்ணா? பாவம். என் வீட்டுப் பொண்ணு மாதிரி நினைச்சுச் சொன்னேன், பணத்தைக் குடுத்துட்டா அவன் ஏன்மா வரப்போறான்னு. கேக்கல."

"அவங்க குடுத்த புகார்ல விலாசம் எப்படி எழுதியிருக்குன்னு பாக்கணும் சார். ஒரு எழுத்துப் பிழையைத் தேடுறோம்," என்றார் மேடம்.

"எங்க பதிவேட்டுல பிழையே இருக்காதும்மா."

"அவ்வளவு கவனமா எழுதுவீங்களா?"

"அவ்வளவு கவனமா எழுதாம விட்டிருக்கோம். மூணு புகாரையும் பதிவே பண்ணலையே."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். எழுதாத ஏட்டில் பிழை இல்லை. பிறக்காத பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் என் காலை மிதித்தார்.

எழுந்திருக்கும்போது மேடம் கேட்டார். "என் வீட்டுப் பொண்ணு மாதிரின்னு சொன்னீங்களே சார், நிஜமாவா?"

"நிஜமாத்தான். என் வீட்டுக் கதவு அந்தப் பொண்ணுக்கு எப்பவும் தொறந்திருக்கும்னு சொல்லுங்க."

"சொல்றேன் சார். அப்படியே சொல்றேன்."

இரண்டாவது இடம் நீதிமன்றம். நகல் பிரிவில் ஒரு குமாஸ்தா கோப்புகளுக்கு நடுவில் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டினோம். அரை மணி நேரத்தில் கோப்பு வந்தது. மூன்றாவது வீட்டுக்கு வந்த பிறகு போட்ட உத்தரவு மேலேயே இருந்தது. மேடம் என்னைத்தான் படிக்கச் சொன்னார். தூக்கித் தூக்கி இறக்கினேன்.

"எதிர்மனுதாரர், மனுதாரர் தற்போது வசிக்கும் எண் ஒன்பது, அறைவட்டத் தெரு, பின்பக்க மாடி அறை என்ற முகவரியிலிருந்து நூறு மீட்டருக்குள் செல்லக் கூடாது."

பெரிய ற. தட்டச்சு செய்தவருக்கு வரிக் கடைசியில் வரப்போகிற மாடி அறை முன்கூட்டியே விரலுக்கு வந்துவிட்டது.

"இந்த உத்தரவோட நகல் யாருக்கெல்லாம் போகும்?" என்று கேட்டார் மேடம்.

"ரெண்டு தரப்புக்கும் போகும்."

"அவனுக்குமா?"

"அவனுக்குத்தான் முக்கியமாப் போகணும். ஆள் வச்சு நேர்லயே குடுப்போம்."

"வீடு தெரியாம ஒளிஞ்சு வாழுற பொண்ணோட விலாசத்தை, அவளைத் தேடிக்கிட்டிருக்கிறவன் கையில நேர்ல குடுப்பீங்க."

குமாஸ்தா மேடத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். சட்டம் தெரியாத பாமரர்களைப் பார்க்கிற பார்வை. "என்னம்மா பேசறீங்க? எங்க போகக் கூடாதுன்னு அவனுக்குச் சொல்லணும்ல? எடத்தைச் சொல்லலன்னா அவன் எப்படிப் போகாம இருப்பான்?"

கோப்பைப் புரட்டி, அவள் சொல்லியிருந்த உறைத் தேதிகளோடு ஒப்பிட்டோம். முதல் வீடு: உத்தரவு போன நான்காம் நாள் உறை வந்திருக்கிறது. இரண்டாவது வீடு: அதுவும் நான்காம் நாள். மூன்றாவதும் அப்படியே. அக்கா ஒருத்திதான் மூன்று வீட்டையும் அறிந்தவள் என்று தங்கை நினைத்திருந்தாள். இன்னொருத்தரும் இருந்திருக்கிறார். சட்டத்தின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். வாயைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

கோப்பில் இன்னொன்றும் இருந்தது: கை ஒடிந்த அன்று ஊரிலேயே இல்லை என்று போர்டுக்காரன் செய்த சத்தியம். தேதியோடு, முத்து முத்தான கையெழுத்தோடு. மேடம் அதற்கும் நகல் வாங்கினார். பிறகு மிகப் பணிவாகக் கேட்டார். "ஐயா, விலாசத்துல ஒரு திருத்தம் இருக்கு. எவ்வளவு நாளாகும்?"

"கழுத்து, கை, கால் சம்பந்தமான மனுன்னா ஆறு மாசம். விலாசத் திருத்தம்னா விசாரணையே வேணாம். எழுதிக் குடுத்தா முத்திரை வச்சு ரெண்டு தரப்புக்கும் அனுப்பிருவோம். மூணு நாள்."

படியிறங்கும்போது மேடம் சிரித்துக்கொண்டே வந்தார். அது நல்ல சகுனம் இல்லை, யாருக்கோ.

அலுவலகத்தில் காலர்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். உத்தரவின் நகலை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு எழுத்தையே நெடுநேரம் பார்த்தாள்.

"அப்ப அக்கா இல்ல."

"அக்கா இல்ல."

"நான் அவள என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? காசுக்கு என்னை வித்துட்டியேன்னு சொன்னேன்."

"அதை நீங்களே போய் வாபஸ் வாங்குங்க. இப்ப இதுல கையெழுத்துப் போடுங்க."

மேடம் எழுதியிருந்த மனு சின்னது. 'காவல் ஆய்வாளர் என்னைத் தம் வீட்டுப் பெண்ணாக நினைப்பதாகவும், தம் வீட்டுக் கதவு எனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்றும் கூறியுள்ளதால், இனி எனக்கான முகவரி பின்வருமாறு' என்று தொடங்கி, ஆய்வாளரின் வீட்டு எண்ணோடு முடிந்தது. மறுநாள் குமாஸ்தாவிடம் கொடுத்தோம். அவர் படிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

இடையில் ஒருநாள் போர்டுக்காரன் ஒன்பதாம் நம்பருக்குப் போயிருக்கிறான். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். கவலைப்பட்டிருக்க மாட்டான். அவள் எங்கே ஓடினாலும் அவனுக்கு விலாசம் எழுதி அனுப்ப அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறதே.

திருத்தம் போன மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தான். நாங்கள் எதிர்க் கடையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டை, விரல் நகத்தில் வர்ணம், பையில் மடித்த நகல். விலாசத்தை இரண்டு தடவை சரிபார்த்தான். பிழையில்லாத ஆள். பிறகு பச்சைக் கதவை உதைத்தான்.

"வெளிய வாடி. எத்தன வீடு மாத்தினாலும் வருவேன்னு சொன்னேன்ல?"

நான்காவது உதையில் கீல் பெயர்ந்தது. கதவோடு சேர்ந்து ஒரு மாமியாரும் பின்னால் சாய்ந்தார். உள்ளேயிருந்து ஆய்வாளர் ஓடிவந்தார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது; மறு கன்னத்தில் சோப்பு நுரை.

அரைச் சவரத்தோடு வந்தவர் கொடுத்தது முழு அறை.

"மூட்டை, ரெண்டு எழுத்தும் ஒரே வாசல்ல," என்றார் மேடம்.

பிஸ்கட் எனக்குப் புரை ஏறியது.

காவல் நிலையத்தில் பத்து நிமிடத்தில் வழக்குப் பதிவானது. பத்து நிமிடம் என்று சும்மா சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். அத்துமீறி நுழைதல், பொருளுக்குச் சேதம், மூதாட்டிக்குக் காயம். மூன்று வருஷமாக ஒரு கழுத்துக்குக் கிடைக்காத வழக்கு எண் ஒரு கதவுக்குக் கிடைத்தது. நல்ல மரம் போலிருக்கிறது.

"சார், உங்க வீடுன்னு தெரியாது சார். என் பொண்டாட்டி எனக்குக் கடன் தரணும். அதைக் கேக்கத்தான் போனேன். இந்த ஸ்டேஷன்லயே சொல்லியிருக்கேனே சார்," என்று போர்டுக்காரன் கன்னத்தைத் தடவினான்.

மேடம் வாசல் பக்கம் தலையசைத்தார். காலர்காரி உள்ளே வந்தாள். அவனைப் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனாள். கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நாலாவது வீட்டுக்கு வைத்திருந்த முன்பணம்.

"ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது. எண்ணிக்கோங்க."

அவன் எண்ணவில்லை. பணத்தை விஷம் மாதிரிப் பார்த்தான்.

"என்னப்பா, கடன்னு சொன்னது பொய்யா?" என்றார் ஆய்வாளர். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக நின்றது.

"பொய் இல்ல சார்."

"நிஜம்னா வாங்கிக்கிட்டு ரசீது எழுதிக் குடுங்க," என்றார் மேடம். "என்ன பணம், எந்தத் தேதியில எங்க கட்டினீங்க, எல்லாம் தெளிவா இருக்கட்டும். போர்டு எழுதுற கை, பிழை இருக்காதுன்னு கேள்விப்பட்டேன்."

அவன் மேடத்தைப் பார்த்தான், ஆய்வாளரைப் பார்த்தான். கடன் நிஜம் என்றால்தான் கதவுக்கு ஒரு சாக்கு மிஞ்சும். பேனாவை எடுத்தான். எழுத ஆரம்பித்ததும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சுழியும் அளந்து வைத்த மாதிரி விழுந்தது.

அவள் வாங்கி, என்னைப் போலவே மெதுவாக, சத்தமாகப் படித்தாள். "என் மனைவியின் கை முறிவுச் சிகிச்சைக்காக, அன்று இரவு நானே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டிய தொகையை முழுவதும் பெற்றுக்கொண்டேன்." தேதியையும் படித்தாள். "முறிவு. பெரிய ற. சரியாத்தான் இருக்கு."

அவன் தலை தன்னையறியாமல் பெருமையாக ஆடியது.

மேடம் நீதிமன்ற நகலை விரித்து ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து, ஒரே தேதி. ஒன்றில் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மற்றதில் அன்றைக்கு மருத்துவமனையில் நிற்கிறான்.

"சார், அந்த ரசீதக் குடுங்க, ஒரு பிழை இருக்கு," என்று கையை நீட்டினான்.

"பிழையில்ல. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்," என்றாள் அவள்.

ஆய்வாளர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கோர்ட்டு சமாச்சாரமாச்சேம்மா. நம்ம இதுல..."

"உங்க கதவும் அதே கோர்ட்டுக்குத்தான் சார் போகுது," என்றார் மேடம். "கூடவே இதுவும் போகட்டும். வண்டிச் செலவு மிச்சம்."

ஆய்வாளர் கதவை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பதிவேட்டை இழுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தார். மூன்று வருஷத்தை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது.

"விலாசம்?" என்று கடைசியில் கேட்டார்.

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம், "பூட்டுக் கடை மாடி, எங்க ஆபீஸ்னு போடுங்க," என்றார்.

வெளியே வாசலில் அக்கா நின்றிருந்தாள். மேடம் சொல்லியனுப்பியதும் வேலையிலிருந்து அப்படியே வந்தவள். கையில் துடைப்பம் இருந்தது. தங்கை நாலடி தள்ளி நின்றாள்.

"பணத்தைக் குடுத்துட்டியாடி?" என்றாள் அக்கா.

"குடுத்துட்டேன்."

"பாக்கி ஏதும் இருக்கா?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றாள் தங்கை. "உனக்குத்தான்."

அக்கா துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தங்கையின் கோணல் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத விடு. தள்ளுபடி," என்றாள்.